நோர்லீன் சொல்லாத பெயர்கள்

டாமராக் ஊரில் யாருக்கு எத்தனையாவது மாதம், எந்த வீட்டில் கணவன் கூடத்து சோபாவில் படுத்துக்கொள்கிறான், யாருடைய மகன் போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறான் என்பதெல்லாம் முதலில் தெரிந்துகொள்கிற ஆள் நோர்லீன் ஸ்டக்கிதான். தெரிந்ததை வெளியே விடாத ஆளும் அவள்தான். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி. அவ்வளவுதான் அவள் கடை. யார் எப்போது வருகிறார்கள், யாருக்கு என்ன சாயம் என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. ஐடஹோவின் வடகோடியில் அந்த மலைச்சரிவு ஊரில் முப்பது வருஷமாக அவள் முடி வெட்டிவந்தாள்.

ஒரு விவாகரத்து வழக்கில், மனைவி உன் கடையில் என்ன பேசினாள் என்று கேட்டு ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். நோர்லீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “காதோரம் காடா மண்டியிருக்கே தம்பி. உட்காரு, வெட்டிவிடுறேன். கேள்வியை மட்டும் வெளிய வச்சிட்டு வா” என்றாள். அவன் வெட்டிக்கொண்டு போனான். கேட்டது கிடைக்கவில்லை. அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியதும் அவள் கடைக்கு இன்னும் நாலு பேர் கூடுதலாக வந்தார்கள்.

அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைக்காமல் இருப்பது அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள குணம். நோர்லீனிடம் அது கொஞ்சம் கசந்துபோயிருந்தது. காரணம் அவள் கணவன் ராய்ஸ்.

ராய்ஸ் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். ஒரு குளிர்காலத்தில் கட்டை உருண்டு இடுப்பில் விழுந்துவிட்டது. அப்போது ஊரில் இருந்த டாக்டர் எல்லோருக்கும் பிடித்த மனிதர், ராய்ஸோடு மீன் பிடிக்கப் போகிறவர். புதிதாக வந்த வலி மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். “இது பழக்கமாயிடாதா டாக்டர்?” என்று நோர்லீன்தான் கேட்டாள். “ஆகவே ஆகாதும்மா. ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்க” என்றார் அவர். அந்த மாத்திரை ராய்ஸின் இடுப்பு வலியைப் போக்கியது. அப்புறம் வேலையைப் போக்கியது, சிரிப்பைப் போக்கியது. கடைசியில் ஒருநாள் குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே தூக்கவேண்டியிருந்தது. டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அரிசோனா பக்கம் வெயில் காயப் போய்விட்டார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது ‘ஆராய்ச்சி’ என்று வாயெடுத்தால் நோர்லீனின் முகம் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் ஆகிவிடும்.

பெருந்தொற்று வந்த வருஷம் கடையை மூடச் சொன்னார்கள். அவள் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு உள்ளே வெட்டினாள். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். கையில் காகிதத்தோடு ஓர் அதிகாரி வந்து நின்றான். காட்டிக்கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததுதான் வினை. அன்றிலிருந்து நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரின் பின்னந்தலையையும் பார்க்கும்போது, ‘நீதானா அது?’ என்று அவளுக்குள் ஒரு கேள்வி ஊர்ந்துகொண்டே இருந்தது. கேட்காமலே வெட்டிவிட்டு அனுப்பினாள்.

இது நடந்தது அதற்கெல்லாம் பல வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதத்தில்.

அந்த வியாழக்கிழமை ஷேலின் தன் மகள் பிரின்லியைக் கூட்டிவந்தாள். ஷேலினுக்கு ஐந்து பிள்ளைகள். யாரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். பிரின்லிக்குப் பதினாலு வயது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தனியாகப் பாடப்போகிறாள். அதற்காக முடியைச் சீர்செய்ய வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் தும்மினாள், இருமினாள். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தன.

“என்னடி கண்ணு இப்படி இருக்கு?” என்றாள் நோர்லீன்.

மகள் வாய் திறப்பதற்குள் தாய் பதில் சொன்னாள். “பூந்தூள் ஒத்துக்கலைங்க அவளுக்கு. வருஷா வருஷம் இதே கூத்துதான்.”

நோர்லீன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வேலிக்கு அப்பால் பனி இன்னும் உருகவில்லை. எந்தப் பூவிலிருந்து தூள் வருகிறது? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம். விழுங்கிவிட்டு சீப்பை எடுத்தாள்.

அவர்கள் கிளம்பிய சற்று நேரத்தில் டிரூடி கோல் உள்ளே வந்தாள். டிரூடியும் நோர்லீனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டிரூடியின் கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்தது நோர்லீன். விவாகரத்து ஆன அன்று அதே தலையை ஒட்ட வெட்டிவிட்டதும் அவள்தான். போன வருஷம் டிரூடிக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, ஸ்போகேன் நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை மாற்றி, தலை மொட்டையாகி, இப்போதுதான் முடி கோழிக்குஞ்சுத் தூவல்போல் முளைத்திருந்தது. அதைக் காதோரம் ஒழுங்குபடுத்த வந்திருந்தாள். முகத்தில் மாஸ்க்.

“அடியே, எந்த பேங்கைக் கொள்ளையடிச்சிட்டு வர்ற?”

“டாக்டர் சொல்லியிருக்காருடி. சின்ன வயசுல போட்ட தடுப்பூசியெல்லாம் கழுவி விட்ட மாதிரி போயிடுச்சாம். என் உடம்புல பிறந்த குழந்தைக்கு இருக்கிற தெம்புகூட இப்ப இல்லையாம்.”

“இங்க இருக்கிறது நீயும் நானும். என்கிட்டருந்து உனக்கு என்னடி ஒட்டப்போகுது? காதுப் பக்கம் அந்தக் கயிறு வேற குறுக்க வருது.”

டிரூடி சிரித்தாள். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நோர்லீன் அந்தத் தூவலைத் தொட்டபோது விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படாததுபோல் இருந்தது. அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் வேலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் இழுத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அரசாங்கக் கார் ஒன்று வந்து நின்றது. ‘அத்துமீறி நுழையாதே’ என்ற பலகையைத் தாண்டி வராமல் சாலையிலேயே நின்றது. இறங்கியவள் முப்பது வயதுக்குள் இருப்பாள். மாவட்டச் சுகாதாரத் துறை நர்ஸ், பெயர் கிர்ஸ்டன் பாலர்ட். நோர்லீன் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“உங்க கடைக்கு வியாழக்கிழமை வந்த ஒருத்தருக்குத் தட்டம்மைங்க. உறுதியாயிடுச்சு” என்றாள் நர்ஸ்.

“யாருக்கு?”

“அதை நான் சொல்லக்கூடாது மேடம். நோயாளி பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு சட்டம்.”

“சரி. உனக்கு என்ன வேணும்?”

“அன்னைக்கு வந்த மத்தவங்க பேரு.”

“அதை நான் சொல்லக்கூடாது.”

“உங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையே.”

“இருக்கு. நான் போட்டது.”

நர்ஸ் காலடிச் சேற்றைப் படியில் தேய்த்தாள். பிறகு பொறுமையாக ஆரம்பித்தாள். “ஆள் போனப்புறமும் ரெண்டு மணி நேரம் அந்தக் கிருமி அறைக்காத்துல நிக்கும். வந்தவங்கள்ல கைக்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்குன்னு ஒரு ஊசி இருக்கு. ஆனா நாளைக்குள்ள போட்டாத்தான் பலன்.”

“நாளைக்குள்ளயா?” நோர்லீன் உதட்டைப் பிதுக்கினாள். “கார் விக்கிறவனும் இப்படித்தாம்மா சொல்வான். தள்ளுபடி இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது, உடனே கையெழுத்துப் போடுன்னு.”

“நான் எதையும் விக்க வரலைங்க.”

“என் புருஷனுக்கு மாத்திரை எழுதினவரும் எதையும் விக்கல.”

நர்ஸின் முகம் சிவந்தது. அந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஆள் அந்தப் பகுதியில் கிடையாது. அவள் பதில் சொல்வதற்குள் நோர்லீன் அடுத்த கேள்வியைப் போட்டாள். “என் கடைக்கு வந்தாங்கன்னு உனக்கு யார் சொன்னா?”

“அதுவும் சொல்ல முடியாதுங்க.”

அதோடு எல்லாம் முடிந்தது. மறுபடியும் யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நோர்லீனுக்கு அதற்குப்பிறகு நர்ஸ் பேசிய எதுவும் காதில் ஏறவில்லை. போகும்போது அவள் தன் போன் நம்பரைப் படிக்கட்டில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காகிதம் அடுப்புக்குள் போனது. தபால் ஆபீஸ் சுவரில் நர்ஸ் ஒட்டிய அறிவிப்பைச் சாயங்காலத்துக்குள் யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்று நர்ஸ் சொன்னபோதே டிரூடியின் தலை நோர்லீனுக்கு நினைவு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைச் சுற்றி அவள் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து ஒரு சுவரே கட்டிவிட்டாள். முதலில், இது உண்மையாகவே தட்டம்மைதானா? மாஸ்க், ஊரடங்கு என்று பழைய கூத்தை மறுபடி கொண்டுவர ஒரு சாக்கு வேண்டும் அவர்களுக்கு. டிரூடியின் பெயரைக் கொடுத்தால் அது எந்தக் கம்ப்யூட்டரில் போய் உட்காருமோ, நாளைக்கு யார் அவள் வாசலில் வந்து நிற்பார்களோ. ஒரு வருஷம் முழுக்க ஊசியும் குழாயுமாகக் கிடந்தவளை மறுபடியும் எதற்குப் பயமுறுத்த வேண்டும்? பிரின்லியின் சிவந்த கண்கள் நினைவு வர, ஷேலினுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாவம், அவளையும் துரத்தியிருப்பார்கள், அதனால்தான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். புதன் போனது. வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக்கடையில் இதே பேச்சு. மர லாரி ஓட்டுகிற டெல் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தான். “ஒவ்வொரு கேஸுக்கும் ஆஸ்பத்திரிக்கு மேலருந்து பணம் வருதாம்ல. சும்மாவா தேடி அலையறாங்க?”

“யார் சொன்னா?” என்றாள் நோர்லீன்.

“எல்லாருக்கும் தெரியும் அது.”

கால்நடைத் தீவனக் கடை வைத்திருக்கும் கோர்டிக்கு எண்பது வயது இருக்கும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “தட்டம்மை என்ன பெரிய கரடியா? எங்க காலத்துல யாருக்கு வரல? எங்கம்மா எங்க நாலு பேரையும் ஒரே கட்டில்ல போட்டுக் கதவைச் சாத்திட்டா. எல்லாருக்கும் ஒண்ணா வந்து ஒண்ணா போயிடட்டும்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்புறம் எந்திரிச்சு ஓடிட்டீங்கல்ல? அதைச் சொல்லுங்க அந்த நர்ஸுக்கு” என்றான் டெல்.

கோர்டி காபியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காபி. அதைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “மூணு பேர் ஓடினோம்” என்றார்.



“நாலாவது?” என்று கேட்டது நோர்லீன்தான்.

“மேவிஸ். எங்கள்ல சின்னவ.” அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “அம்மா அந்தக் கட்டிலை வெளிய இழுத்துப் போட்டு எரிச்சா. நான் என்னமோ சொல்ல வந்தேன், என்னமோ வாயில வந்துடுச்சு. விடுங்க.”

நோர்லீன் பாதிக் காபியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். டிரூடியின் வீடு ஊருக்கு வெளியே ஓடையை ஒட்டிய மண்பாதையில் உள்ளே போகவேண்டும். போன் சரியாக எடுக்காத இடம். பனி உருகி சேறாகிக் கிடந்த பாதையில் பிக்கப் வண்டி இரண்டு தடவை வழுக்கியது. கார் விக்கிறவன் பேச்சு என்று தான் சொன்னது அப்போது அவளுக்குக் காதில் கேட்டது. அது நல்ல நையாண்டி என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

டிரூடி அடுப்பில் பீன்ஸ் சூப் வைத்திருந்தாள். “உட்காருடி, ஒரு கிண்ணம் சாப்பிடு” என்றாள். நோர்லீன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வந்தது எந்தப் பிள்ளை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அந்த நர்ஸ் எப்ப வந்தா?”

“செவ்வாக்கிழமை.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

டிரூடி அடுப்பை அணைத்தாள். “என் பேரைச் சொல்லட்டுமான்னு என்னைக் கேட்டியா?”

“உன்னைக் காப்பாத்தத்தான்டி நான்...”

“யார்கிட்டருந்து?”

அரசாங்கத்திடமிருந்து, டாக்டர்களிடமிருந்து என்றெல்லாம் அவள் முப்பது வருஷமாகப் பேசியது அந்தச் சமையலறையில் அவள் நாக்குக்கு வரவில்லை.

“அது என் பேரு நோர்லீன். உன்னோடது இல்ல. அதைச் சொல்றதா மறைக்கிறதான்னு நான் முடிவு பண்ணணும். அவங்கவங்க விஷயம் அவங்கவங்களுக்குன்னு வாய் ஓயாம பேசுவியே, என் விஷயம் மட்டும் எப்படிடி உன்னோடதாச்சு?”

டிரூடி அதைக் கத்திச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு நோர்லீனின் வண்டியில் ஏறினாள். ஸ்போகேன் போய்ச் சேரும்வரை டிரூடி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். குளிர் உள்ளே கத்தியாக இறங்கியது. ஏற்று என்று சொல்ல நோர்லீனுக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் தேதியைக் கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார். “தாமதம்தான். இருந்தாலும் போட்டுடுவோம்” என்றார். நோர்லீன் மருந்துப் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எதுலருந்து எடுக்கிறது? யாரு தயாரிக்கிறா?” என்று ஆரம்பித்தாள்.

“நீ வெளிய போய் உட்காரு” என்றாள் டிரூடி.

அந்த ஊசி முழுதாகக் கைகொடுக்கவில்லை. அடுத்த வாரம் டிரூடிக்குக் காய்ச்சல் கண்டது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அவள் உடம்பில் தடிப்புகூடச் சரியாக எழும்பவில்லை. எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பு இல்லாததால் அப்படி என்றார்கள். தனி அறையில் வைத்தார்கள். போய்ஸி நகரத்திலிருந்து டிரூடியின் மகள் வந்து கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நோர்லீனை உள்ளே விடவில்லை. கடையை மூடிவிட்டு வாரத்தில் பாதி நாள் அவள் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன செய்கிறார்களோ என்ற சந்தேகம் ஒரு பக்கம். அவர்கள் ஏதாவது செய்து பிழைக்கவைக்க மாட்டார்களா என்ற ஏக்கம் மறுபக்கம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் மாறிமாறி முட்டிக்கொண்டிருந்தன.

டிரூடி பிழைத்துவிட்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு வந்தாள். அந்தக் குழாய் இனி எப்போது கழலும் என்று யாரும் தேதி சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில், கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஷேலின் தனியாக வந்தாள். பிரின்லி தேறிவிட்டாள், ஆனால் படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஷேலின் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தாங்க சொன்னேன்” என்றாள்.

“என்ன சொன்ன?”

“உங்க கடைக்கு வந்ததை. ஆஸ்பத்திரியில அவ மூச்சுவிட முடியாம, இங்க நெஞ்சுக்குழி உள்வாங்கி உள்வாங்கி... எங்கெங்க போனீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ பிழைச்சாப் போதும்னு இருந்துச்சு.”

நோர்லீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அத்தனை நாளும் அவள் வாயைப் பூட்டிக் காத்தது இந்தப் பெண்ணின் பெயரைத்தான். “பெத்தவ சொல்லாம? அதுல என்ன தப்பு” என்றாள்.

“அது இல்லைங்க.” ஷேலின் அழ ஆரம்பித்தாள். “சர்ச்சுல எல்லாரும் நீங்கதான் எங்களைக் காட்டிக்கொடுத்தீங்கன்னு நினைக்கிறாங்க. அந்த நர்ஸ் கார் உங்க வாசல்ல நின்னதைப் பார்த்திருக்காங்க. நான்... இல்லைன்னு சொல்லலை.”

கடைக்குக் கூட்டம் ஏன் குறைந்தது என்பது அப்போதுதான் நோர்லீனுக்கு விளங்கியது. முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஊர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் வந்து, நீயா சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் சந்தேகப்படுவதை அவளும் இத்தனை வருஷமாக அவர்களுக்குச் செய்துகொண்டுதான் இருந்தாள்.

“போய்ப் புள்ளையைப் பாரு” என்று மட்டும் சொன்னாள். ஷேலினின் பெயரை அவள் யாரிடமும் எடுக்கவில்லை. அது பெருந்தன்மையா, பழகிய பழக்கமா என்று அவளுக்கே தெளிவாகவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு சந்தேகம் தன்னைப்பற்றி அவளுக்கு வந்ததே கிடையாது.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் தடுப்பூசி போடுவதாக நர்ஸ் கிர்ஸ்டன் அறிவித்திருந்தாள். நோர்லீன் எதிர்மூலையில் இருந்த இரும்புச் சாமான் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தாள். யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். முன்வாசல் காலியாகவே கிடந்தது. கோர்டி மட்டும் அந்த வழியாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய், வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரத்தான் ஆள் இல்லை.

ஆனால் கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி இன்னொரு கதவு உண்டு. அவள் உட்கார்ந்திருந்த கோணத்திலிருந்து அது தெரிந்தது. லாரிக்கார டெல் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, இடமும் வலமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தான். அவன் வெளியே வந்து வண்டியை எடுத்த பிறகு, அதற்காகவே காத்திருந்ததுபோல் இன்னொரு வண்டி மரத்தடியிலிருந்து நகர்ந்தது. அதில் சர்ச்சில் பியானோ வாசிக்கிற பெண், கைக்குழந்தையோடு. அப்புறம் ஆலை மேஸ்திரி. பகிரங்கமாக ஒன்று பேசிவிட்டு, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், எல்லோரும் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார்கள். நோர்லீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இவர்களில் ஒரே ஒருவன் முன்னாலேயே உண்மையாகத் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், நர்ஸ் வந்த அன்றே நான் டிரூடியிடம் ஓடியிருப்பேனே என்று நினைத்தாள். பழியை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்போல் இருந்தது. ஆனால் தபால் ஆபீஸ் அறிவிப்பு கிழிந்து கிடந்ததைப் பார்த்துத் தானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது மறக்கவில்லை.

அவள் இறங்கி முன்வாசல் வழியாக நடந்தாள்.

நர்ஸ் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“இதால ஒரு கெடுதலும் வராதுன்னு சொல்லப்போற. அப்படித்தானே?” என்றாள் நோர்லீன்.

“அப்படிச் சொல்ல மாட்டேங்க. கை வலிக்கும். சிலருக்குக் காய்ச்சல் வரும், மூட்டு வலிக்கும். ரொம்ப அபூர்வமா அதுக்கு மேலயும் ஆகியிருக்கு. எல்லாத்தையும் சொல்றேன், உட்காருங்க.”

நல்லதோடு கெட்டதையும் சேர்த்துச் சொன்ன முதல் மருத்துவ ஆள் அவள்தான். நோர்லீனுக்கு அதுவுமே சந்தேகமாகத்தான் இருந்தது. இது புதுத் தந்திரமோ? புட்டியைக் கேட்டு வாங்கிக் காலாவதித் தேதியைப் பார்த்தாள். ஊசி உறையைப் பிரிப்பதைக் கண் கொட்டாமல் கவனித்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள்.

“அன்னைக்கு நீங்க அப்படிப் பேசினதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. எங்க அண்ணனும் அந்த மாத்திரையிலதான் போனான்” என்றாள் நர்ஸ், பஞ்சை அழுத்திக்கொண்டே.

நோர்லீன் அவளைப் பார்த்தாள். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்.”

நோர்லீன் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தாள்.

ஜூன் மாதம் டிரூடி போய்ஸிக்கு, மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினாள். ஓடைக்கரை வீட்டில் மின்சாரம் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். தனியாக இருக்க முடியாது. நோர்லீன் மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனாள். பெட்டிகளைக் கட்ட உதவினாள். டிரூடி மறுக்கவில்லை. சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைப் பற்றி ஏதோ பேசி இரண்டுபேரும் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சிரித்தபோது டிரூடிக்கு இருமல் வந்து அடங்க நேரமாயிற்று.

“என்மேல கோவமாடி இன்னும்?” என்று கடைசியில் நோர்லீன் கேட்டுவிட்டாள்.

டிரூடி யோசித்துத்தான் பதில் சொன்னாள். “கோவம் எல்லாம் போயிடுச்சு. வேற ஒண்ணு வந்திருக்கு. நீ இப்ப என் எதிர்ல உட்கார்ந்து நல்லாத்தான் பேசுற. ஆனா என் நல்லதுக்குன்னு எதையெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கியோன்னு தோணிக்கிட்டே இருக்கு. தோணாம இருக்க மாட்டேங்குது நோர்லீன்.”

சந்தேகம் ஒரு மனிதருக்குள் எப்படிக் குடியேறுகிறது, சமாதானம் சொன்னால் அது எப்படி இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் கனமான பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, மகளின் வண்டி நின்ற இடத்துக்கு நடந்தாள். பின்னால் டிரூடி இயந்திரத்தின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, “பாத்துப் போ, அங்க சேறு” என்றாள்.